சரவிளக்கு விழவில்லை

1896 மே 20. பாரிஸின் கார்னியே ஆபரா அரங்கில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, ஏறக்குறைய ஏழு டன் எடையுள்ள சரவிளக்கைச் சமன்செய்து தாங்கும் எதிர்எடைகளில் ஒன்று அறுந்து பார்வையாளர்கள்மீது விழுந்தது. ஒரு பெண் இறந்தார். விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. பின்னாளில் பிரெஞ்சு எழுத்தாளர் கஸ்தோன் லெரூ தன் நாவலில் விளக்கையே விழச்செய்தார்; அந்த நாவலிலிருந்து உருவாகி 1986-இல் லண்டனில் மேடையேறிய ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா’ இசைநாடகத்திலும் விளக்குதான் தலைகளுக்கு மேலாகப் பாய்ந்து வருகிறது. எதிர்எடையைப் பார்த்து யார் அலறுவார்கள்?

மேடைப்பொருள்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களிடம் இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வேன். மாயக்காட்சி என்பதே கண்ணை ஓரிடத்துக்கு இழுத்துவிட்டு வேறிடத்தில் காரியத்தை முடிப்பது. நம் கண்ணும் கூடவே போய்விடுகிறது என்பதுதான் சிக்கல்.

அதே நாடகத்தின் நிலத்தடி ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டம், மெழுகுவத்திகள், படகு. இப்படிப்பட்ட தரையோரப் பனியை உலர்பனிக்கட்டியால், அதாவது உறைந்த கரியமிலவாயுவால், உண்டாக்குவது வழக்கம். அது மைனஸ் 78 டிகிரியில் இருக்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் பொசுங்கும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது வேறு: நாம் காணும் வெண்மை வெறும் நீர்த்துளிகள். கரியமிலவாயு கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது என்பதால் மேடை விளிம்பில் வழிந்து இசைக்கலைஞர்கள் அமரும் பள்ளத்திலும், தரைக்கதவுகளின் அடியிலும் தேங்கும். ஓர் ஒத்திகையில் செல்லோ வாசிப்பவர் தலைசுற்றுகிறது என்றார். பசி என்றுதான் நினைத்தோம். ஏனெனில் பனி கலைந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து பள்ளத்தில் வாயு அளக்கும் கருவி இல்லாமல் நான் ஒரு கட்டிகூடப் போடுவதில்லை.

அந்நாடகத்தில் முகம்பார்க்கும் கண்ணாடிக்குள் தோன்றும் உருவத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒளி முன்னால் இருந்தால் கண்ணாடி, பின்னால் வந்தால் ஜன்னல். உடையாத வகையைப் பயன்படுத்தினால் போதும்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது, சவரம் செய்ய வருபவர்களின் கழுத்தை அறுக்கும் நாவிதனின் கதையான ‘ஸ்வீனி டாட்’ நாடகத்தின் சவரக்கத்திதான். அந்தக் கதையில் கத்தி வெறும் ஆயுதமல்ல. பழிவாங்க வந்தவனின் தோழன். ஆகவே அது மின்ன வேண்டும் என்று இயக்குநர்கள் ஆசைப்படுவார்கள். அந்த ஆசையில்தான் யாராவது நிஜக் கத்தியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 2016-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பள்ளி மாணவர்கள் இந்நாடகத்தை நடித்தபோது, ஒட்டுநாடா சுற்றிய உண்மையான சவரக்கத்தி இருவர் கழுத்தைக் கிழித்தது. இருவரும் பிழைத்தார்கள். நாடா நழுவும், கிழியும். கூர் மழுங்கச் செய்யப்பட்ட கத்திகூட வேண்டாம். முதலிலேயே கூரில்லாமல் செய்யப்பட்டதுதான் வேண்டும். செந்நீர் அதன் பிடியிலிருந்து குழாய் வழியே வரட்டும்.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அந்தக் கத்தியை ஒரு தாளின்மேல் இழுத்துப் பார்ப்போம். நான் இழுப்பதில்லை, நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் கொடுக்கப்போகும் நடிகரிடம் கொடுத்துவிடுவேன்.