கூடத் தங்கியிருப்பவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனால்

குன்னூரில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். எடை கூடிவிடும் என்று பயந்து சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைத்துக்கொண்டே போவது ஒரு நோய், அனோரெக்ஸியா என்பார்கள். அது உள்ளவர்கள் தாங்களாக என்னிடம் வருவது அபூர்வம். அவர்களுக்காகக் கவலைப்பட்டு வருபவர் பல நேரம் ரூம்மேட்தான். ஊட்டியில் படிக்க வந்த பெண்கள், ரிசார்ட்டில் வேலை பார்க்கும் பையன்கள், சேர்ந்து வீடெடுத்துத் தங்கும் நர்சுகள். "அவ சாப்பிடவே மாட்டேங்குறா மேடம், கேட்டா எரிஞ்சு விழுறா" என்று ஆரம்பிப்பார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும். சோறு அப்படியே குப்பைக்குப் போவது கூட இருப்பவருக்குத்தான் தெரியும்.

மலையில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். போதிய உணவில்லாத உடம்பால் தன் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. கோயம்புத்தூரில் மே மாதம் ஒருவர் ஸ்வெட்டரோடு திரிந்தால் நாலு பேர் ஏனென்று கேட்பார்கள். இங்கே வருஷம் பூராவும் ஸ்வெட்டர், சால்வை, குல்லா. மெலிவு அதற்குள் மறைந்துவிடும். நடுக்கமும் "ஊட்டின்னா குளிரத்தானே செய்யும்" என்று போய்விடும். ஆகவே வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். நல்ல வெயில் நேரத்திலும் விரல் நுனி நீலம் பாரித்திருப்பது, முடி கொத்தாகக் கொட்டுவது, மாதவிடாய் நின்றுபோவது, எழுந்து நின்றதும் கண் இருட்டுவது, முகத்திலும் கையிலும் புதிதாக மெல்லிய பூனைமுடி வளர்வது.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொன்றும் உண்டு. வயிற்றை நிரப்ப நாள் முழுக்க கேரட்டையே கடித்துக்கொண்டிருப்பவரின் உள்ளங்கையும் பாதமும் ஆரஞ்சு மஞ்சளாக மாறும். மஞ்சள் காமாலை என்று பயந்து சிலர் வருவார்கள். காமாலையில் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும். இதில் கண் வெள்ளையாகவே இருக்கும். கேரட்டால் கெடுதல் இல்லை. அதைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை என்பதுதான் விஷயம். பசியை அடக்க கப் கப்பாகப் பிளாக் டீ குடிப்பதும் அப்படித்தான். தேயிலை ஊரில் அதை யார் வித்தியாசமாக நினைக்கப் போகிறார்கள்?

குறைத்துச் சாப்பிடுகிற எல்லோருக்கும் இந்த நோய்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காசநோய், தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாவற்றிலும் எடை இறங்கும். வீட்டுக் கடனுக்குப் பணம் அனுப்பிவிட்டு ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது கவுன்சலிங் இல்லை, சம்பளம். சின்ன வயதிலிருந்தே தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் தவிர எதைக் கண்டாலும் குமட்டுகிறவர்கள் தனி வகை. அவர்களுக்கு எடை கூடிவிடும் என்ற பயம் இருக்காது. அதை ஒரு தனிக் கோளாறாகவே 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டில் சேர்த்தார்கள்.

விரதத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீலகிரி படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, ஐயப்ப மாலை, ரம்ஜான், தவக்காலம் எல்லாவற்றுக்கும் முடிகிற நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு எல்லோரோடும் உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். பண்டிகை முடிந்த பிறகும் விரதம் மட்டும் முடியாமல் நீண்டுகொண்டே போனால் கவனியுங்கள்.

ரூம்மேட்டுகளைக் குழப்புவது வேறொன்று. "எங்களுக்கெல்லாம் வகை வகையா சமைச்சுப் போடுவா, ராத்திரி பூரா சமையல் வீடியோ பார்ப்பா, தான் மட்டும் சாப்பிட மாட்டா" என்பார்கள். பசியே மனதை அப்படி மாற்றிவிடும். 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். எடை குறைப்பில் துளி ஆர்வமும் இல்லாத ஆண்கள் அவர்கள். ஆனாலும் சாப்பாட்டு நினைப்பாகவே கிடந்தார்கள். சிலர் சமையல் குறிப்பு சேர்த்தார்கள். எரிச்சல், குளிர், யாரோடும் பேசப் பிடிக்காமை எல்லாம் வந்தன. உங்கள் ரூம்மேட் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் பாதி இந்தப் பட்டினி பண்ணுகிற வேலை. அதனால்தான் வாதாடி ஜெயிக்க முடிவதில்லை.

அப்படியானால் எப்படிப் பேசுவது? சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். எத்தனை சப்பாத்தி என்று எண்ணாதீர்கள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், பாராட்டாகக்கூட. "இப்பதான் கொஞ்சம் பூசினாப்ல அழகா இருக்கே" என்று நாம் பிரியமாகச் சொல்வது அவர் காதில் "குண்டாயிட்டே" என்றுதான் விழும். மறுநாள் இன்னும் குறையும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "மூணு நாளா ராத்திரி நீ சாப்பிடலை. நேத்து மார்க்கெட் ஏத்தத்துல சுவரைப் பிடிச்சுட்டு நின்னே. எனக்குப் பயமா இருக்குடி. டாக்டர்கிட்ட போலாம், நானும் கூட வரேன்." கோபம் வரும், மறுப்பார். விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மிரளுகிறவர்கள்கூட, தலைசுற்றலுக்கு என்றால் பொது மருத்துவரிடம் வருவார்கள். அங்கே ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதாலேயே ஆள் நன்றாக இருக்கிறார் என்று ஆகாது. எடை சாதாரணமாக இருப்பவருக்கும் இந்த நோய் வரும், ஆண்களுக்கும் வரும்.

"வீட்டுல சொல்லிடாதே" என்பார். வாக்குக் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

சொன்ன பிறகு ஊரில் நடப்பதை நினைத்தாலும் எனக்குக் கவலைதான். கூட்டிப்போய் முதல் நாளே பிரியாணி, பால், முட்டை என்று ஊட்டுவார்கள். பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு இது ஆபத்து. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கிற பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். உணவைக் கூட்டுவது மருத்துவர் மேற்பார்வையில், படிப்படியாகத்தான்.

மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துக் கைகால் தளர்ந்தால், செத்துப்போகலாம் என்று பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரி என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரம் இல்லை, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ், எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்றில்லை. கூட இருந்து பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டு, தானும் சாப்பிடக் கூச்சப்பட ஆரம்பித்துவிட்ட ரூம்மேட்டும் தனக்காகவே அழைக்கலாம்.