மரியோ சுவருக்கு அப்பால் போன கணக்கு

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் போன வாரம் ஒரு வீடியோவைக் காட்டி, "மாமா, கதவு பூட்டியிருக்கு, இவன் எப்படி உள்ள போனான்?" என்று கேட்டான். 1996இல் வந்த சூப்பர் மரியோ 64 என்ற வீடியோ கேம் அது. மரியோ படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்ற இடத்திலேயே படபடவென்று துள்ளுகிறான், அப்புறம் பின்பக்கமாகவே பறந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறான்.

கேமில் சுவர் என்பது ஒரு கணக்குதான். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்திலும், ஆளைக் கொஞ்சம் நகர்த்தி, 'இப்போது சுவரில் இடிக்கிறானா?' என்று நிரல் பார்க்கும். துணியில் பட்டையாக ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அதன் குறுக்கே தையல் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசி குத்தும் இடத்தில் மட்டும்தான் சோதனை. தையல் பொடியாக இருந்தால் ஒரு குத்தாவது கோட்டின் மேல் விழும். தையலைப் பெரிதாக்கினால் இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து, கோடு அப்படியே இருக்கும். நொடிக்கு 900 மீட்டர் போகும் குண்டு, நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரே ஃபிரேமில் 15 மீட்டர் தாண்டும். அரையடிச் சுவர் அதற்கு எம்மாத்திரம்?

மரியோவை எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. நொடிக்கு 30 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமையும் நான்காகப் பிரித்துச் சோதித்தார்கள். மரியோ துள்ளுவது நீளத் தாண்டல். அதில் வேகம் 1.5 மடங்காகும், ஃபிரேமுக்கு 48 அலகைத் தாண்டினால் 48க்கே இறக்கிவிடுவார்கள். அப்படியானால் ஒரு நகர்வு 12 அலகு. சுவரோ இருபுறமும் 50, 50 அலகு தூரத்துக்குப் பிடித்துத் தள்ளும். தப்பவே முடியாது.

ஆனால் பின்னால் போகும்போது வேகம் எதிர்மறை எண். நிரல் கேட்பது '48ஐ விடப் பெரியதா?' என்று மட்டும். மைனஸ் 54 பெரியதா? இல்லை, போகட்டும். மைனஸ் 81? போகட்டும். படிக்கட்டு ஏறுமுகமாக இருப்பதால் துள்ளியவுடனேயே கால் தரையில் பட்டுவிடுகிறது, உடனே அடுத்த தாண்டல், இன்னொரு 1.5 மடங்கு. உராய்வை விட்டுவிட்டால், 16இல் தொடங்கி எட்டே தாண்டலில் 400ஐக் கடந்துவிடலாம். இப்போது ஒரு நகர்வு 100 அலகுக்கு மேல், அந்தப் பக்கம் நிற்கத் தரை இருந்தால் சுவரைத் தொடாமலே போய்விடலாம். ஏழாம் வகுப்பில் எண்கோட்டில் படித்த ஒரு மைனஸ் குறி, அவ்வளவுதான்! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது அலுப்பதில்லை. நட்சத்திரம் சேர்த்தால்தான் பூட்டிய கதவுகள் திறக்கும். அப்படி 120 நட்சத்திரம் உள்ள கேமை ஒன்றுகூட எடுக்காமல் முடிக்கிறார்களே, அதற்கு வழிவிட்டதே இந்தக் குறிதான்.

இதற்கு 'டனலிங்' என்றுதான் பெயர். குவாண்டம் இயற்பியலில் எலக்ட்ரான் போன்ற நுண்துகள் ஒரு தடையைக் கடந்து போவதற்கும் அதே பெயர்தான், இரண்டுக்கும் தொடர்பில்லை. எலக்ட்ரான் அளவில் நடப்பதைக் காட்டி, தியானம் செய்தால் மனிதனும் சுவருக்குள் நுழையலாம் என்று வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். பிள்ளைகளிடம் அதைச் சொல்லாதீர்கள், தவறு.

சரி, தடுப்பது எப்படி? ஆள் இருந்த புள்ளிக்கும் போன புள்ளிக்கும் இடையே கோடு போட்டு, அது சுவரை வெட்டுகிறதா என்று பார்க்கலாம். கணக்கு கூடும், அதனால் வேகமான பொருட்களுக்கு மட்டும் வைப்பார்கள். மரியோவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. 1997இல் ஜப்பானில் வந்த மறுபதிப்பில் பின்பக்க வேகம் அப்படி ஏற முடியாமல் செய்துவிட்டார்கள். இதைச் சொன்னதும் அக்கா மகன் கேட்ட அடுத்த கேள்வி, பழைய கார்ட்ரிட்ஜ் எங்கே கிடைக்கும் என்பது.