கடைத்தெரு அருகே வாடகை வீடு: பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

வாடகைக்கு வீடு தேடுபவர்களுக்காகக் குடியிருப்புகளை நேரில் ஆய்வு செய்து சொல்வது, கட்டடப் பொறியாளரான என் பணியில் ஒரு பகுதி. கடைத்தெருவை ஒட்டிய அடுக்குமாடிகளைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் விடுமுறை நாளின் முற்பகலில், தரகர் சாவியோடு காத்திருக்கும் இருபது நிமிடத்துக்குள் வீட்டைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். குடியேறிய பின் அவர்களைத் தூங்கவிடாமல் செய்பவற்றில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் இயங்குவதே இல்லை.

கடைகளுக்குச் சரக்கு வருவதும் குப்பை போவதும் பின்சந்து வழியாக, பெரும்பாலும் விடியலுக்கு முன்புதான். பின்னோக்கி வரும் வண்டியின் எச்சரிக்கை ஒலியும், இரும்பு ஷட்டர் ஏறும் ஓசையும் சில நொடிகளே நீடித்தாலும் உறக்கத்தைக் கலைக்க அவை போதும். படுக்கையறைக்குள் தொடர்ச்சியான ஒலி 30 டெசிபலையும், திடீரென எழும் தனி ஒலி 45 டெசிபலையும் தாண்டாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டையும் தனித்தனியே சொல்லியிருப்பது இதனால்தான்.

காதுக்குச் சரியாக எட்டாத தொல்லையும் உண்டு. முதல் தளத்தில் குடியிருந்த ஒரு தம்பதி, வீட்டில் சத்தமே இல்லை, ஆனாலும் இரவெல்லாம் ஏதோ அழுத்துவதுபோல் இருக்கிறது என்று என்னை அழைத்தார்கள். படுக்கையறைத் தரையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கீழே இருந்த கடையின் குளிர்பதன அறைக் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் நீரின் மேற்பரப்பில் மெல்லிய வளையங்கள் எழுந்தன. அது நின்றதும் அவையும் அடங்கின. இந்த அதிர்வு கான்கிரீட் தளத்தின் வழியே வருவதால், சன்னலுக்கு எத்தனை கண்ணாடி போட்டாலும் பயனில்லை. இயந்திரத்தின் அடியில் ரப்பர் தாங்கிகளைப் பொருத்தினால்தான் குறையும், அதைச் செய்ய வேண்டியவரோ கடைக்காரர். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வெளியேறிய அவர்கள் முன்பணத்தில் ஒரு பகுதியை இழந்தது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

மேல்தளம் என்றால் அமைதி என்ற எண்ணமும் முழுச் சரியன்று. இடைவிடாது வண்டிகள் ஓடும் சாலையிலிருந்து தூரம் இரு மடங்கானாலும் ஒலி ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறைகிறது. மொட்டைமாடியில் குளிரூட்டும் இயந்திரங்களும் உணவகத்தின் புகைபோக்கியும் இருந்தால் மேலே போகப் போக அவற்றைத்தான் நெருங்குகிறோம். தளத்தைவிடப் படுக்கையறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதே முக்கியம். சன்னல் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கரி ஒட்டினால், சன்னலைத் திறந்து வைக்க முடியாத வீடு அது.

அவசரகாலப் படிக்கட்டில் கீழ்த்தளம் வரை நீங்களே இறங்கிப் பாருங்கள். கடைகளின் அட்டைப்பெட்டிகள் வழியை அடைத்திருந்தாலோ, வெளிக்கதவு பூட்டியிருந்தாலோ, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீட்டை நான் பரிந்துரைப்பதில்லை. வண்டி நிறுத்துமிடம் குடியிருப்பவர்களுக்கென ஒதுக்கப்பட்டதா, லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் கடைகளோடு பொதுவா, அவற்றின் பராமரிப்புச் செலவு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அண்மையில் ஒரு பெண்மணி, நான் கேட்டுக்கொண்டபடி அதிகாலை ஐந்து மணிக்கும் கடை அடைக்கும் நேரத்துக்கும் தனித்தனியே சென்று, இரவுக் காவலாளியிடமும் விசாரித்து வந்தார். தெருவைப் பார்த்த வீடுதான் இரைச்சலாக இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தவர், சரக்கு இறக்கும் மேடைக்கு நேர் மேலே இருந்த பின்பக்க வீட்டை விட்டுவிட்டு, அதே கட்டடத்தில் தெருவைப் பார்த்த வீட்டுக்கே முன்பணம் கொடுத்தார்.