பிறந்த அன்றே ஏன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி?

கண் மஞ்சளித்தால் காமாலை என்று உடனே கண்டுகொள்ளும் நம் வீடுகளில், கண் மஞ்சளிக்காமலேயே பல ஆண்டுகள் கல்லீரலைச் சிதைக்கக்கூடிய ஹெபடைடிஸ் பி வைரஸைப் பற்றிய பேச்சு மிகவும் குறைவு. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாக நீங்கிவிடும். ரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் தொற்றும் பி வகையின் போக்கோ, அது எந்த வயதில் தொற்றுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

பெரியவர்களுக்குத் தொற்றினால் 100 பேரில் 95 பேருக்கு மேல் அதை வென்றுவிடுகிறார்கள். பிறக்கும்போது தொற்றுக்குள்ளாகும் குழந்தைகளிலோ, தடுப்பூசி போடாவிட்டால், 100-இல் ஏறத்தாழ 90 பேருக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகிறது. இந்த வைரஸ் கல்லீரல் செல்களை நேரடியாகக் கொல்வதில்லை. தொற்றிய செல்களை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் தேடி அழிப்பதால்தான் அழற்சியும் காமாலையும் உண்டாகின்றன. பச்சிளங்குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் இன்னும் முதிராததால் வைரஸைப் போதிய வலுவுடன் தாக்குவதில்லை. ஆகவே காய்ச்சலும் இல்லை, காமாலையும் இல்லை. வைரஸின் டிஎன்ஏ ஒரு சிறு வளையமாகச் செல்லின் உட்கருவில் குடியேறிவிடுகிறது. பிற்காலத்தில் எதிர்ப்பு மண்டலம் விழித்துத் தாக்கும்போது ஏற்படும் அழற்சி, தழும்பின்மேல் தழும்பாகப் படிந்து, கல்லீரல் சுருக்க நோயிலோ புற்றுநோயிலோ முடியக்கூடும். இன்றைய மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை நன்றாகவே அடக்குகின்றன. ஆனால் அந்த வளையத்தை அவற்றால் அகற்ற இயலாது.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையில் நடந்து 1988-இல் வெளியான ஓர் ஆய்வு, அது இந்த வைரஸை நீக்கக்கூடும் என்ற பெரும் நம்பிக்கையை ஏற்படுத்தியது. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அதில் பங்கேற்றிருந்தார். பின்னர் நடந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை என்பதால், அதை மட்டும் நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

தடுப்பூசியில் வைரஸ் இல்லை. அதன் மேலுறைப் புரதம் மட்டும், ஈஸ்ட் செல்களில் தயாரிக்கப்பட்டு, சேர்க்கப்படுகிறது. பிரசவத்தில் நுழைந்த வைரஸ் வேரூன்றுவதற்குள் எதிர்ப்புப் பொருள் உருவாக வேண்டும் என்பதாலேயே முதல் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுகிறார்கள். 6, 10, 14 ஆவது வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இது அடங்கியிருக்கிறது. தாய்க்குத் தொற்று இருப்பது கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், குழந்தைக்கு, ஆயத்த எதிர்ப்புப் பொருள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடப்படும். இவ்வாறு பாதுகாக்கப்பட்ட குழந்தைக்கு அந்தத் தாய் தயங்காமல் பாலூட்டலாம்.