நடந்தவனுக்கு ஒன்று, வந்தவனுக்கு வேறொன்று

ஆங்கிலம் பேசுபவர் இத்தாலிய மொழியைக் கற்கத் தொடங்கினால் முதலில் மிரட்டுபவை வினை விகுதிகள். பார்லோ என்றால் பேசுகிறேன், பார்லி என்றால் பேசுகிறாய், பார்லியாமோ என்றால் பேசுகிறோம். பேசுவது யார் என்பதை விகுதியே சொல்லிவிடுவதால் 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழருக்கு இது பழகிய வழிதான். விகுதிகளையாவது மனப்பாடம் செய்துவிடலாம். நன்கு பேசப் பழகியவரையும் தடுக்கிவிடுவது இறந்தகாலம்.

பேச்சில் அதிகம் வழங்கும் இறந்தகாலம் இரண்டு சொற்களால் ஆனது: முன்னே துணைவினை, பின்னே எச்ச வடிவம். 'சாப்பிட்டேன்' என்பது ஓ மஞ்ஜாத்தோ. 'போனேன்' என்பது, ஆண் சொன்னால், சோனோ அந்தாத்தோ. முதலாவதில் துணையாக வருவது அவேரே, அதாவது உடைமையைக் குறிக்கும் வினை. இரண்டாவதில் எஸ்ஸெரே, இருத்தலைக் குறிக்கும் வினை. இன்றைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய எல்லா வினைகளுக்கும் உடைமை வினையே துணை. ஆகவே எங்கே எதைப் போடுவது என்று கற்பவர் திணறுகிறார்.

'இடம்பெயரும் வினை என்றால் எஸ்ஸெரே' என்று பல பாடநூல்கள் சொல்லிக் கொடுக்கின்றன. இந்தச் சூத்திரம் பாதி வழியில் கைவிட்டுவிடும். நடத்தலும் நீந்துதலும் இடம்பெயர்வுதான். இரண்டும் அவேரேயையே ஏற்கின்றன. பிறத்தலிலும் இறத்தலிலும் யாரும் எங்கும் போவதில்லை, அவற்றுக்கு எஸ்ஸெரே.

உண்மையான பிரிவு வேறிடத்தில் இருக்கிறது. 1978இல் மொழியியலாளர் டேவிட் பெர்ல்மட்டர் முன்வைத்த கருதுகோளும், இத்தாலிய மொழியை ஆராய்ந்து 1986இல் இன்னொரு மொழியியலாளரான லூயிஜி புர்ட்சியோ வெளியிட்ட நூலும் அதைத் தெளிவாக்கின. நடப்பவன் ஒரு செயலைச் செய்கிறான். இறப்பவன் எதையும் செய்வதில்லை. அவனுக்கு ஒன்று நேர்கிறது. இலக்கணப்படி எழுவாயாக நின்றாலும், பொருளளவில் அவன் செயப்படுபொருளுக்கு நெருக்கமானவன். இப்படி மாற்றத்துக்கு உள்ளாகும் எழுவாய் எஸ்ஸெரேயைக் கேட்கிறது. 'ஓடினேன்' என்று மட்டும் சொன்னால் ஓ கோர்சோ. 'வீட்டுக்கு ஓடினேன்' என்றால் சோனோ கோர்சோ. கால்கள் செய்த வேலை ஒன்றேதான். சேருமிடம் வந்ததும், ஓடியவன் இடம் மாறியவனாகிறான், துணைவினையும் மாறிவிடுகிறது.

எனக்கு மிகவும் அழகாகத் தோன்றுவது எச்ச வடிவத்தின் நடத்தை. மரியா வந்தால் அர்ரிவாத்தா, பையன்கள் வந்தால் அர்ரிவாத்தி: எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப அது ஈறு மாறும். அவேரேயோடு வந்தால் எழுவாயைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஆப்பிளைக் குறித்து 'அதைச் சாப்பிட்டேன்' என்றால் லோ மஞ்ஜாத்தா. ஆப்பிள் பெண்பால், வினைக்கு முன்னே வந்துவிட்ட 'அதை'யோடு எச்சம் இணங்குகிறது. இரண்டிலும் எச்சம் இணங்குவது மாற்றத்துக்கு உள்ளானவரோடு அல்லது உள்ளானதோடுதான்.

இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. 'இறந்தான்' என்பதற்கு அங்கேயே இருத்தல் வினைதான் துணை. 'எழுதிய கடிதம் என்னிடம் உள்ளது' என்பது போன்ற அமைப்பிலிருந்துதான் பின்னாளில் அவேரே துணைவினையானது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் வருதல், போதல் போன்ற வினைகள் இருத்தல் வினையோடுதான் வந்தன. அந்த வழக்கு மெல்லத் தேய்ந்துபோயிற்று.

இத்தாலியிலும் எல்லை எங்கும் கறாராக இல்லை. மழை பெய்ததைச் சொல்ல இரண்டு துணைவினைகளும் வழங்குகின்றன, வாழ்தலுக்கும் அப்படியே.