சிஆர்-இசட்டும் சிஆர்-எக்ஸும்: மின்மோட்டாரால் ஈடுகட்ட முடியாத எடை

ஹோண்டா நிறுவனம் 2010 பிப்ரவரியில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த சிஆர்-இசட் என்னும் சிறிய ஹைப்ரிட் காரைப் பற்றி, அதன் உரிமையாளர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நகரச் சாலைகளில் ஓட்டுபவர்கள், சிக்னலில் நின்று கிளம்பும்போது கிடைக்கும் இழுவையையும் ஆறு கியர் கொண்ட மேனுவல் பெட்டியின் துல்லியத்தையும் மனமாரப் பாராட்டுகிறார்கள். 1980களில் வந்த அதன் முன்னோடியான ஹோண்டா சிஆர்-எக்ஸை ஓட்டிப் பழகியவர்களோ, தோற்றத்தில் இருக்கும் வேகம் ஓட்டத்தில் இல்லை என்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஒரே வாகனம் இப்படி இரு முகம் காட்டுவதற்கான காரணம், அதன் மின்மோட்டார் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது, மின்கலம் எவ்வளவு ஆற்றலைத் தாங்கும், மொத்த எடை எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்குள் அடங்கியிருக்கிறது.

முன்னோடியிலிருந்து தொடங்குவோம். 1983இல் அறிமுகமான சிஆர்-எக்ஸ், 1987இல் இரண்டாம் தலைமுறையாக மாறி 1991 வரை நீடித்தது. அமெரிக்காவில் இரண்டு இருக்கைகளுடன் மட்டுமே விற்கப்பட்ட இந்தக் காரை ஹோண்டா அங்கே வெவ்வேறு தேவைகளுக்கு வெவ்வேறு எஞ்சின்களுடன் கொடுத்தது. எச்எஃப் என்ற வகையில் 62 குதிரைத்திறன் கொண்ட, எட்டு வால்வுகளுடைய 1.5 லிட்டர் எஞ்சின் இருந்தது. எரிபொருளைச் சேமிப்பதே அதன் ஒரே வேலை. எஸ்ஐ என்ற வகையில் பதினாறு வால்வுகளுடைய 1.6 லிட்டர் எஞ்சின் இருந்தது. 1989 முதல் அது 108 குதிரைத்திறன் தந்தது. சிக்கனம் வேண்டியவர் ஒன்றையும் வேகம் வேண்டியவர் மற்றொன்றையும் வாங்கினார். இந்த இரண்டு கார்களையும் ஒரே உடலில் இணைப்பதுதான் சிஆர்-இசட் ஏற்றுக்கொண்ட வேலை. ஸ்போர்ட், நார்மல், எகான் என்று அதில் இருக்கும் மூன்று பொத்தான்களும் அந்த முயற்சியின் வெளிப்பாடே.

இந்த இணைப்புக்கு ஹோண்டா பயன்படுத்திய முறை ஐஎம்ஏ எனப்படுகிறது. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையில், தட்டையான வட்டு வடிவ மின்மோட்டார் ஒன்று எஞ்சினின் கிராங்க் தண்டோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் சுழன்றால் மோட்டாரும் சுழலும். மோட்டார் சுழன்றால் எஞ்சினும் சுழன்றாக வேண்டும். ஆகவே டொயோட்டா பிரியஸைப் போல எஞ்சினை நிறுத்திவிட்டு மின்சாரத்தால் மட்டும் நகர்வது இந்தக் காரில் இயலாது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால், மேனுவல் கியரையும் கிளட்ச்சையும் ஒரு ஹைப்ரிட் காரில் வைக்க முடிந்ததற்கு இந்த எளிய பிணைப்புதான் காரணம் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மோட்டார் தரும் உச்சத் திறன் 10 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 13 குதிரைத்திறன் மட்டுமே. எண்ணாகப் பார்த்தால் சொற்பம்தான். அது எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதன் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருப்பும் விசை, குறைவாகவும், சுழற்சி கூடும்போது அதிகமாகவும் இருக்கும். மின்மோட்டார் இதற்கு நேர்மாறு: சுழலத் தொடங்கும்போதே அது தன் முழு முறுக்குவிசையையும் தந்துவிடும். எஸ்ஐ தன் உச்ச முறுக்குவிசையான 135 நியூட்டன் மீட்டரை எட்டுவதற்கு எஞ்சின் நிமிடத்துக்கு 5000 முறை சுழல வேண்டும். சிஆர்-இசட்டின் மேனுவல் வகையிலோ, எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து தரும் 174 நியூட்டன் மீட்டர் 1500 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. நகரத்தில் ஓட்டுபவர் பெரும்பாலும் 3000 சுழற்சிக்குக் கீழேயே இருப்பதால், அவர் உணரும் சுறுசுறுப்பு வெறும் பிரமை அல்ல.

அந்தச் சுறுசுறுப்பு மலைச்சாலையில் ஏன் மங்குகிறது என்பதற்கு மின்கலத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இந்தக் காரில் இருந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலத்தின் மின்னழுத்தம் 100.8 வோல்ட், கொள்ளளவு ஏறத்தாழ 0.58 கிலோவாட் மணி, அதாவது 2.1 மெகாஜூல். மின்கலத்தின் ஆயுளைக் காப்பதற்காக இதிலும் ஒரு பகுதியை மட்டுமே கணினி பயன்படுத்த விடும். ஜப்பானில் விற்ற மேனுவல் வகையின் எடை 1130 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்து 1200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது இந்தக் காரின் இயக்க ஆற்றல் 167 கிலோஜூல். எட்டு நொடிகளில் பிரேக் பிடித்து நிறுத்தினால், 10 கிலோவாட் மோட்டார் மின்னாக்கியாக மாறி அதிகபட்சம் 80 கிலோஜூலை மின்கலத்துக்குத் திருப்பித் தரலாம். அடுத்த சிக்னலில் கிளம்பும்போது அதே ஆற்றல் பெருமளவு திரும்பச் செலவாகும். நின்று கிளம்பும் ஓட்டத்துக்கு இந்தச் சிறிய மின்கலம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஜப்பானில் ஒடவாராவிலிருந்து ஹகோனே மலைக்கு ஏறும் சுங்கச் சாலையோ ஏறத்தாழ 1000 மீட்டர் உயர்கிறது. 1200 கிலோவை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க 11.8 மெகாஜூல் வேண்டும். உருளும் தடையும் காற்றின் எதிர்ப்பும் தனி. மின்கலம் முழுவதையும் கொடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தொடர்ந்து முழு ஆக்சிலரேட்டரில் ஏறினால் ஓரிரு நிமிடங்களில் உதவி குறையத் தொடங்கும். அதன் பிறகு ஓட்டுநர் கையில் எஞ்சுவது, மோட்டாரையும் மின்கலத்தையும் சேர்த்துச் சுமக்கும் ஒரு 1.5 லிட்டர் எஞ்சின்தான். ஏற்றத்தில் வண்டி திடீரென்று களைத்துவிட்டது என்று உரிமையாளர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கணத்தைத்தான்.

ஆனால் வேகம் போதவில்லை என்ற புகாருக்கு மின்கலத்தைவிட எடையே பெரிய காரணம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் விற்ற மேனுவல் சிஆர்-இசட்டுக்கு மொத்தத் திறன் 122 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 1200 கிலோ. ஒரு டன்னுக்கு 102 குதிரைத்திறன் வருகிறது. எஸ்ஐயின் எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு என்பதால், இருபது ஆண்டுகள் பழைய அந்தக் கார் டன்னுக்கு 108 குதிரைத்திறனுக்கு மேல் வைத்திருந்தது. எனவே பழைய உரிமையாளர்களின் நினைவு அவர்களை ஏமாற்றவில்லை. ஜப்பானில் விற்ற முதல் தலைமுறை சிஆர்-எக்ஸோ 800 கிலோவை ஒட்டியே இருந்தது.

கூடிய எடை முழுவதையும் ஹைப்ரிட் பாகங்களின் தலையில் கட்டுவது தவறு. இடைப்பட்ட ஆண்டுகளில் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கதவுகளும் தூண்களும், ஆறு ஏர்பேக்குகளும், அகன்ற சக்கரங்களும், பெரிய பிரேக்குகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சிஆர்-எக்ஸில் ஏர்பேக் இல்லை. அந்த இலேசான உடலின் விலையை மோதலின்போது பயணிகளே கொடுக்க வேண்டியிருந்தது. இந்த ஒப்பீட்டில் ஹோண்டாவின் வேறொரு கார் நல்ல சாட்சி. 1999இல் வந்த முதல் இன்சைட்டில் இருந்ததும் இதே ஐஎம்ஏ முறைதான். அதன் மோட்டாரும் 10 கிலோவாட்தான். அலுமினிய உடலும் ஒரு லிட்டர் எஞ்சினும் கொண்ட அந்தக் கார் ஏறத்தாழ 850 கிலோ எடையில், இன்றைய அமெரிக்க அளவீட்டின்படி காலனுக்கு 53 மைல் ஓடுகிறது. மேனுவல் சிஆர்-இசட்டுக்கு அதே அளவீடு 34 மைல், அதாவது லிட்டருக்கு 14.5 கிலோமீட்டர், கையால் கியர் மாற்றத் தேவையில்லாத சிவிடி வகைக்கு 37 மைல். ஹைப்ரிட் அல்லாத பழைய எச்எஃப் அதே கணக்கில் 40 மைலைத் தாண்டுகிறது. உரிமையாளர்களை மிகவும் உறுத்தும் ஒப்பீடு இதுவே என்றாலும், பாதி வலிமை கொண்ட, ஏர்பேக் இல்லாத ஒரு காரோடு செய்யும் ஒப்பீடு என்பதை மறந்துவிடக் கூடாது.

வளைவுகளில் இரண்டும் நடந்துகொள்ளும் விதத்திலும் வேறுபாடு உண்டு. இரண்டாம் தலைமுறை சிஆர்-எக்ஸின் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் இருந்தது. வண்டி சாயும்போதும் டயர் தரையை நேராகத் தொட்டிருக்க அது உதவும். சிஆர்-இசட்டில் முன்னால் ஸ்ட்ரட்டும் பின்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குத் தண்டும் இருக்கின்றன. இது மலிவானது, இடத்தையும் மிச்சப்படுத்துவது. மின்கலம் பின்பகுதித் தரைக்கடியில் தாழ்வாக அமர்ந்திருப்பதால் நிலைத்தன்மைக்குக் குறைவில்லை. ஆயினும் பவர் ஸ்டியரிங் இல்லாத எஸ்ஐயின் கைப்பிடியில் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் தெரிந்த அனுபவம் இதில் கிடைப்பதில்லை.

இரண்டுக்கும் பொதுவான ஓர் எரிச்சல் பின்கண்ணாடி. காற்று பிரியாமல் வழிந்தோடக் கூரை மெல்லச் சரிய வேண்டும். நீண்ட வாலை வைக்க இடமில்லாததால் அதைச் செங்குத்தாக வெட்டிவிடுவது 1930களில் ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம் ஆராய்ந்த வழி. சரிந்த கூரைக்குக் கீழே பின்புறம் தெரிய, வெட்டிய பகுதியில் இன்னொரு கண்ணாடி வைக்கிறார்கள். இரு கண்ணாடிகளுக்கும் நடுவில் ஓடும் சட்டம், பின்னால் வரும் வாகனத்தைச் சரியாக அதன் விளக்குகள் இருக்கும் இடத்தில் மறைக்கிறது.

புகார்களை ஹோண்டா கேட்டது. 2012இல் 144 வோல்ட் லித்தியம் அயான் மின்கலமும் 15 கிலோவாட் மோட்டாரும் வந்தன. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் சில நொடிகளுக்கு மோட்டாரின் முழு உதவியும் கிடைக்கும். அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் பந்தயப் பிரிவு பின்னர் விற்ற சூப்பர்சார்ஜர், திறனை 197 குதிரைத்திறனாக உயர்த்தியது. உரிமையாளர்கள் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த கார் அதுதான். ஆனால் அது ஆலையிலிருந்து வரவில்லை; 2016இல் உற்பத்தியும் நின்றது.

இப்போது இரண்டுமே பழைய கார்கள். வாங்க நினைப்பவர் பார்க்க வேண்டியது வேறு. சிஆர்-எக்ஸில் பின்சக்கரங்களின் மேல்வளைவைத் துரு அரித்திருக்கிறதா என்று தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். சிஆர்-இசட்டில், நீண்ட ஏற்றம் ஒன்றில் ஓட்டி, மின்கல அளவுகோல் படிப்படியாக இறங்குகிறதா, சட்டென்று விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். சட்டென்று விழுந்தால், நகரத்து உரிமையாளர்கள் பாராட்டும் அந்த 1500 சுழற்சி இழுவை அந்த வண்டியில் அதிக நாள் நீடிக்காது.