அப்பா ஏன் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார்?

மனநல ஆலோசனைக்கு வரும் முதியவர்களிடம், "என்ன பாட்டு கேப்பீங்க?" என்று தவறாமல் கேட்பேன். மதுரையில் என்னிடம் வந்த 64 வயதுக்காரர், "அதெல்லாம் விட்டாச்சும்மா" என்றார். மகன் ஒரு ஸ்பீக்கர் வாங்கி, நூற்றுக்கணக்கான பழைய பாட்டுகளை ஏற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரே வாரத்தில் அது அலமாரிக்குள் போய்விட்டது.

கேள்வியை மாற்றினேன். "யாரோட கேப்பீங்க?"

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், விடுதி அறையில் நாலு பேர் காசு போட்டு 60 நிமிட கேசட் வாங்குவார்களாம். பன்னிரண்டு பாட்டுதான் கொள்ளும். எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்று ராத்திரி முழுக்கச் சண்டை போட்டு, பட்டியலை ரெக்கார்டிங் கடையில் கொடுப்பார்கள். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவது இவர் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு, மனைவி வானொலியில் விரும்பிக் கேட்ட பாட்டுகள் இவருக்கும் பிடித்துப்போயின. பிள்ளைகள் வளர்ந்ததும் வீட்டில் ரகுமான் பாட்டு. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்டவை மனதில் ஆழமாகத் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் ரசனை அதோடு உறைந்துவிடுவதில்லை. கூட இருப்பவர்கள் மாற மாற அதுவும் மாறுகிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இணையத்தில் கொடுத்தார்கள். மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பது தெரிந்த குழுக்களில், ஏற்கெனவே முன்னால் நின்ற பாடல்களுக்கே மேலும் கூட்டம் சேர்ந்தது. முதலிடம் பிடித்த பாடல் குழுவுக்குக் குழு வேறாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். ஆனாலும் என் அறைக்கு வரும் அறுபது வயதுக்காரர்களிடமும் இதன் சாயலைப் பார்க்கிறேன்.

அதனால் வீட்டில் பெரியவர் பாட்டுக் கேட்பதை நிறுத்தினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். காது சரியாக இருந்தால், கூடக் கேட்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யார் பாடினது?" என்று கேட்பது, புது ஸ்பீக்கரைவிட அதிகம் உதவும்.

அவரிடம் தாளும் பேனாவும் கொடுத்து, பன்னிரண்டு பாட்டு எழுதச் சொன்னேன். ஏழோடு நிறுத்தினார். மீதி ஐந்துக்கு, திருச்சியில் இருக்கும் பழைய அறை நண்பரிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.